நாற்பத்திரண்டாவது ஃபோல்டர்

மார்ச் 2, திங்கள்

இன்று கம்ப்யூட்டர் நான்கு முறை நின்றுபோனது. நான்காவது முறை நின்றபோது திரையில் ஒரு காதுகுத்துப் பத்திரிகை பாதியில் இருந்தது. முதலாளி தனசேகரன் வந்து எட்டிப் பார்த்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து நான் இந்த அச்சகத்தில் இருக்கிறேன். அதனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, இது கதை முடிஞ்சிருச்சு. இனி இதோட மல்லுக்கட்ட முடியாது. வியாழக்கிழமை புதுசு வந்துரும்."

"ராம் மெமரி மட்டும் மாத்திப் பாப்போமே தம்பி."

"அதெல்லாம் போன வருசமே பாத்தாச்சுல்லா."

புதிய கம்ப்யூட்டர் வருவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வேலை சீக்கிரம் முடியும். பின்னால் செண்பகவல்லி சடைத்துக்கொண்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

கேஸ் புக் செய்தாயிற்று. ஒரு ஆளுக்கு ஒரு சிலிண்டர் மூன்று மாதம் வருகிறது.

மார்ச் 3, செவ்வாய்

டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபோல்டர்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. மீந்துபோன ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எது எங்கே இருக்கிறது என்று பென்சிலால் வரைந்துகொண்டேன். நடுவில் என்னுடையது, 'வ. செண்பகம்'. அப்பா பெயர் வள்ளிநாயகம். என் ஃபோல்டரின் முதல் எழுத்து மட்டும் மை கசிந்த மாதிரி தடித்துத் தெரியும். மானிட்டர் பழசு, அப்படித்தான் இருக்கும்.

தனசேகரன் தாளைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கோலம் போடுதீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

அது என்னோடு இதே கம்ப்யூட்டரில் வேலை பார்த்த உலகநாதன் வைத்த வரிசை. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, அக்டோபர் 17-ஆம் தேதி காலை ஷிப்டில் அவர் வைத்துவிட்டுப் போனது. ஒன்றரை மணிக்கு எழுந்து எனக்கு நாற்காலியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். தம்பி வீட்டில்தான் இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி என்றார்கள். செய்தி வந்தபோது நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரைக்கூட நான் நகர்த்தவில்லை. புது வேலைகளையெல்லாம் டி டிரைவில் போட்டுக்கொள்கிறேன். டெஸ்க்டாப்பில் வைத்தால் மெஷின் மெதுவாகும் என்று ஒரு காரணமும் தயாராக வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

வந்துவிட்டது. திரை அகலமாக, மெலிசாக, அழகாக இருக்கிறது. சர்வீஸ் செய்யும் ஜெபராஜ் பழையதில் இருந்த எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சுக்கு என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உட்கார்ந்து பார்த்தேன். ஃபோல்டர்கள் எல்லாம் இடது ஓரத்தில் அகரவரிசையில் நிற்கின்றன. பள்ளிக்கூடத்து பிரேயர் மாதிரி. ஒன்றைப் பிடித்து இழுத்து நடுவில் விட்டேன். கையை எடுத்ததும் ஓடிப்போய் வரிசையில் நின்றது. மறுபடி இழுத்தேன். மறுபடி ஓடியது. ஏழெட்டு முறை இழுத்திருப்பேன்.

எண்ணிப் பார்த்தால் நாற்பத்திரண்டு வருகிறது. ஒன்று கூடுதல். வரிசையில் முதலாவதாக நிற்பது 'உ. செண்பகம்'. என் பெயருக்கு முன்னால் பிள்ளையார் சுழி. மாற்றும்போது ஜெபராஜ்தான் இப்படி ஏதாவது செய்திருப்பார். இருக்கட்டும், அதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

மார்ச் 6, வெள்ளி

இன்றும் ஓடிப்போய் வரிசையில் நின்றன.

மார்ச் 9, திங்கள்

ஜெபராஜுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. கோபத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை. கோபம் என்ன கோபம், சோறு குழைந்துவிட்டது. அம்மாவுக்கென்று பதினேழு வருடம் குழைய வடித்த கை. அம்மா ஆகஸ்டில் போன பிறகும் அரிசியைப் பதமாக இறக்க வரமாட்டேன் என்கிறது.

நாற்பத்தொரு ஃபோல்டர் எங்கே இருந்தால் என்ன என்று தனசேகரன் கேட்டார். அவருக்கு விளங்கும்படி சொல்லத் தெரியவில்லை. இங்கே சொல்கிறேன்.

அச்சகத்தில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். காலையில் உலகநாதன், மத்தியானத்திலிருந்து நான். இரண்டு பேரும் சேர்ந்து இருப்பது டீ குடிக்கிற பதினைந்து நிமிடம். எழுதி வைத்துக்கொண்டிருக்க நேரம் ஏது. அதனால் இடம்தான் எங்களுக்குப் பேச்சு. ஃபோல்டர் மேலே இடது மூலையில் இருந்தால் இப்போதுதான் வந்த வேலை. வலது மேல் மூலையில் இருந்தால் நான் பிழை பார்க்க வேண்டும். பார்த்து, திருத்தம் இருந்தால் கீழே இடது மூலையில் போடுவேன். அது அவருடைய மூலை. திருத்தம் இல்லையென்றால் பிரிண்ட் எடுத்த தாளில் 'சரி' என்று எழுதி, கீழே வ. செ. என்று கையெழுத்துப் போடுவேன். அந்தச் சரி இல்லாமல் இந்த அச்சகத்தில் எதுவும் மெஷினுக்குப் போனதில்லை.

பெரும்பாலும் அவருடைய மூலையில்தான் போட வேண்டியிருக்கும். மனிதர் பத்திரிகை தவறாமல் 'திருவளர்ச்செல்வன்', 'திருவளர்ச்செல்வி' என்று அடிப்பார். அந்த இடத்தில் ச் வராது. திருவளர்செல்வன், திருவளர்செல்வி, அவ்வளவுதான். நான் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து அலுத்துப்போனேன்.

"எத்தனை தடவை சொல்லுததுக்கு? அது வினைத்தொகை. ஒற்று மிகாது."

"மனசுல நிக்க மாட்டேங்கு டீச்சர். நீங்க இருக்கீங்கல்லா, திருத்திக்கிடுவீங்க."

டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், சிவப்புப் பேனாவை வைத்து.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். 2008-இல், அம்மா படுக்கையில் விழுந்த புதிதில், ஒரு நாள் டீ குடிக்கும்போது, "உங்க வீட்டுல வந்து பேசட்டுமா" என்று கேட்டார். என்ன பேச என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் வேறு, அவர் ஆட்கள் வேறு. அப்பா அரிவாளை எடுக்காவிட்டாலும் சோற்றுத் தட்டை எறிந்திருப்பார். "அம்மாவுக்கு முடியலை, இப்ப வேண்டாம்" என்றேன். "சரி டீச்சர்" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை. அவர் வேறு ஏதாவது பேச நினைத்திருக்கலாம்.

மார்ச் 11, புதன்

ஒரு வேலையைத் தேடி அரை மணி நேரம் போயிற்று. முன்பெல்லாம் கண் தானாகப் போகும். இப்போது ஒவ்வொரு பெயராகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஃபோல்டருக்குள் இன்னொன்றைத் திறந்தால் முதலில் இருந்தது காணாமல் போகிறது. முன்பு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

செப்டம்பரில் நடந்த ஒரு சண்டை ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு முப்பதாம் நாள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம். உலகநாதன் எழுந்து போகும்போது திரையைக் காட்டினார்.

"டீச்சர், உங்க ஃபோல்டர் நடுவுல மறிச்சுக்கிட்டு கெடக்கு. கொஞ்சம் நகத்தி வைங்களேன்."

"இத்தனை வருசமா அங்கதான கெடக்கு. இப்ப மட்டும் என்ன மறிக்கு?"

"ஒரே ஒரு தடவை நகத்திப் பாருங்க. அப்புறம் பிடிக்கலைன்னா அங்கயே வச்சுக்கிடுங்க."

"நீங்க வச்ச இடம்தான அது. நீங்களே நகத்துங்க."

"நான் நகத்துனா நல்லா இருக்காது."

அடுத்த நாளும் கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. அது அங்கேயே இருக்கட்டும், இனிமேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். அம்மா செத்த வீட்டிலிருந்து வந்தவளிடம் ஃபோல்டரை நகர்த்து என்று நிற்கிறாரே என்று எனக்கு ஆத்திரம்.

மார்ச் 13, வெள்ளி

ஜெபராஜ் ஒருவழியாக வந்தார். நான் கவுண்டரில் ஒரு பெண் வீட்டாருக்கு அட்டை மாதிரிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் முடித்துவிட்டார்.

"தானா வரிசையில நிக்கிறதை நிப்பாட்டிட்டேன் மேடம். இனி எங்க வச்சாலும் வச்ச இடத்துல நிக்கும். மேலாப்புல இனிஷியலை மாத்தி அடிச்ச ஒரு ஃபோல்டர் கெடந்துச்சு, உங்க பேர்ல. அதைக் குப்பையில தள்ளிட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றேன்.

அவர் போனதும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்தினேன். நின்றது. இரண்டு மணி நேரம் ஆயிற்று. நாற்பத்தொன்றும் அதனதன் இடத்தில். கடைசியாக என்னுடையதை நடுவில் வைத்தேன்.

எல்லாம் சரியாக வந்துவிட்டது. ஆனாலும் ஏதோ ஒரு பிழை கண்ணில் இடறுகிறது. ப்ரூஃப் பார்க்கும்போது சில சமயம் இப்படி வரும். எங்கே என்று தெரியாது, ஆனால் பக்கத்தில் பிழை இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

மார்ச் 14, சனி

வீட்டுக்கு வந்து பாத்திரம் விளக்கும்போது தெரிந்தது.

என் பெயரின் முதல் எழுத்து இப்போது சுத்தமாக இருக்கிறது. கசியவில்லை. புது மானிட்டர் என்பதால் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பழைய மானிட்டரில் மற்ற நாற்பது பெயர்களும் சுத்தமாகத்தானே இருந்தன. என்னுடையது மட்டும், அதிலும் முதல் எழுத்து மட்டும் ஏன் தடிக்க வேண்டும்?

கையைத் துடைத்துக்கொண்டு வந்து, காலண்டர் தாளில் 'உ. செண்பகம்' என்று எழுதி, அதன் மேலேயே 'வ. செண்பகம்' என்று எழுதினேன். அதே கசிவு.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஃபோல்டர்கள் இருந்திருக்கின்றன. புது கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பிரித்து வரிசையில் நிற்க வைத்தபோதுதான் அடியில் இருந்தது வெளியே வந்திருக்கிறது. நான் அதைப் பிள்ளையார் சுழி என்றேன். ஜெபராஜ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர். அவர் எதற்குச் சுழி போடப் போகிறார்?

தனசேகரனுக்குப் போன் செய்தேன்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல குப்பைத் தொட்டியைக் காலி பண்ணிராதீங்க."

"சனிக்கிழமை சாயங்காலம் அடைக்கையில எப்பவும் பண்ணுவேன்க்கா. இன்னைக்குப் பண்ணுனனா இல்லையான்னு ஞாபகம் இல்லையே. ஏன், முக்கியமானதா?"

"ஆமா" என்றேன்.

"சாவியோட நான் தூத்துக்குடிக்கு வந்துட்டேன். திங்கக்கெழமை பாத்துக்கிடலாமா?"

மார்ச் 15, ஞாயிறு

திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கிறேன். துணி துவைத்தேன். அம்மாவின் கட்டிலைக் கழற்றி மாடியில் போட வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

இருக்கிறது. தனசேகரன் காலி செய்யவில்லை. சனிக்கிழமை கரண்ட் போய்விட்டதால் அப்படியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். மீட்டு எடுத்துவிட்டேன். மேலே இடது மூலையில் வைத்திருக்கிறேன், புதிதாக வந்த வேலைகள் இருக்கும் இடத்தில்.

திறக்கவில்லை. இன்று வேலை அதிகம்.

மார்ச் 17, செவ்வாய்

இன்றும் வேலை அதிகம்.

மார்ச் 18, புதன்

இன்று வேலையே இல்லை. தூசி துடைத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

மூன்று மணிக்குத் திறந்தேன். தனசேகரன் வங்கிக்குப் போயிருந்தார். மெஷின் ஓட்டுகிற சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது.

பதினெட்டு ஃபைல்கள். பெயர்கள் எல்லாம் தமிழ் வருடங்கள். சர்வதாரியில் ஆரம்பித்து விசுவாவசு வரை, வருடத்துக்கு ஒன்று. சர்வதாரி என்றால் 2008. எல்லாம் ஒரே பத்திரிகைதான். கல்யாணப் பத்திரிகை.

பெண், செண்பகவல்லி. மாப்பிள்ளை, உலகநாதன்.

தேதிக்கு மட்டும் புள்ளி புள்ளியாக விட்டிருக்கிறார்.

ஒவ்வொன்றாகப் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே முறையில், எழுத்தெழுத்தாக. முதல் மூன்றில் திரு. வள்ளிநாயகம், திருமதி பேச்சியம்மாள் என்று இருக்கிறது. கர வருடத்தில் அப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' ஏறிவிட்டது. அந்த வருடம்தான் அப்பா இறந்தார். சார்வரியில் கொரோனா. 'அம்மன் சன்னதியில்' என்பதை எடுத்துவிட்டு 'எங்கள் இல்லத்தில் எளிய முறையில்' என்று போட்டு, கீழே 'முகக்கவசம் அணிந்து வரவும்' என்று சேர்த்திருக்கிறார். அதைப் படித்துச் சிரித்தேன். சத்தமாகத்தான் சிரித்தேன். உள்ளேயிருந்து மெஷின்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கடைசி ஃபைல் விசுவாவசு. அதில் அம்மாவுக்கும் தெய்வத்திரு. அந்தத் திருத்தம் செய்த தேதி செப்டம்பர் 15. அம்மாவுக்கு முப்பதாம் நாள் முடிந்த மறுநாள்.

அந்த வாரம்தான் நகர்த்து நகர்த்து என்று நின்றார்.

பதினெட்டுப் பத்திரிகைகளிலும் திருவளர்செல்வன், திருவளர்செல்வி. ஒன்றில்கூட அந்த ச் இல்லை. சர்வதாரியிலேயே இல்லை. ஊரார் பத்திரிகையில் எல்லாம் தெரிந்தே போட்டிருக்கிறார், நான் சுழித்து அவருடைய மூலைக்கு அனுப்ப வேண்டும் என்று. படுபாவி.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

மார்ச் 21, சனி

நான் ஒரே ஒரு முறை நகர்த்தியிருந்தால் போதும். ஒரு விரலால் செய்கிற வேலை. செப்டம்பரில் நகர்த்தியிருந்தால் ஒரு மாதமாவது கிடைத்திருக்கும். அவர் போன பிறகும் அவர் வைத்த வரிசை என்று ஐந்து மாதம் அதைத் தொடாமல் காவல் காத்தேன். கம்ப்யூட்டர் பழுதாகாமல் இருந்திருந்தால் சாகும்வரை காவல் காத்திருப்பேன்.

2008-இல் அவர் கேட்டது என்னவென்று எனக்கு அன்றைக்கே தெரியும். இங்கே மார்ச் 9-இல் எழுதியிருப்பது பொய்.

மார்ச் 24, செவ்வாய்

அவர் தம்பி வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லிப் போவது என்று தெரியாமல் காலண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன், மார்ச் மாதத்தில். தம்பி மனைவி காப்பி கொடுத்தாள்.

"அத்தான் உங்களைப் பத்தித்தான் எந்நேரமும் பேசுவாங்க. இன்னைக்கு டீச்சர் இத்தனை பிழை பிடிச்சிட்டாங்கன்னு எண்ணிச் சொல்லுவாங்க."

படத்துக்குப் பூ போட்டிருந்தார்கள். கீழே 'தெய்வத்திரு உலகநாதன்' என்று அச்சடித்து ஒட்டியிருந்தது. அதை அடித்தது நான்தான். நவம்பரில் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கேட்டார்கள், அடித்துக் கொடுத்தேன்.

மார்ச் 30, திங்கள்

ஜெபராஜுக்குப் போன் செய்து, ஃபோல்டர்கள் தானாக வரிசையில் நிற்பதை மறுபடி போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

"நீங்கதான மேடம் வேண்டாம்னீங்க?"

"பழகிக்கிடுதேன்" என்றேன்.

எல்லாம் ஓரத்துக்கு ஓடிப்போய் நின்றன. முதலில் உ. செண்பகம். கடைசி வரிசையில் வ. செண்பகம். இடையில் நாற்பது பேருடைய கல்யாணமும் காதுகுத்தும்.

ஏப்ரல் 8, புதன்

சித்திரைக் கல்யாணங்கள். நாள் முழுவதும் வேலை. சோறு இன்று பதமாக வந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. அச்சகத்துக்கு விடுமுறை, ஆனால் காலையில் மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பூஜை போடுவது வழக்கம். பூஜை முடிந்து, தனசேகரன் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். பத்து நிமிடம் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

உ. செண்பகத்தைத் திறந்து, விசுவாவசுவை ஒரு பிரதி எடுத்துப் 'பராபவ' என்று பெயர் கொடுத்தேன். உள்ளே போய் வருடத்தை மாற்றினேன். நிகழும் மங்களகரமான பராபவ வருடம். பத்தொன்பதாவது. பிரிண்ட் எடுத்தேன்.

சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். அச்சக விதிப்படி அதில் ஒரு பிழை இருக்கிறது. இறந்தவர் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு போட வேண்டும். மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் திருவளர்செல்வன் என்று இருக்கிறது. அதைச் சுழிக்க வேண்டும். இருபத்தைந்து வருடத்தில் நான் தெரிந்தே விட்ட பிழை இது ஒன்றுதான்.

தனசேகரன் வாசலில் நின்று சாவியை ஆட்டிக்கொண்டிருந்தார். "முடிஞ்சிருச்சாக்கா?"

"கையெழுத்துப் போட்டுட்டு வாரேன் தம்பி."

தாளின் கீழே 'சரி' என்று எழுதினேன். பழக்கத்தில் பேனா வ-வுக்குப் போனது. நிறுத்திக்கொண்டு, உ. செ. என்று போட்டேன்.